மொழியக்காவின் கார் செல்ஃப் எடுக்காத காலை

"டிக்."

சாவியைத் திருப்பினால் அந்த ஒரு சத்தம்தான். அதற்குப் பிறகு தகரக் கொட்டகையின் மேல் சாரல் விழுகிற சத்தம்.

இரண்டையும் நான் கைபேசியில்தான் கேட்டேன். ஐப்பசி மாதம், காலை நேரம். தென்காசியில் என் வீட்டு அடுப்படியில் தோசைக் கல் சூடாகிக்கொண்டிருந்தது. மேலகரத்திலிருந்து மொழியக்கா கூப்பிட்டார். சாப்பிட்டியா, தூங்குனியா என்று ஆரம்பிக்கிறவர் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. "இதக் கேளு ரூபி" என்றார். டிக். "இன்னொருக்க கேளு." டிக்.

"என்னதுக்கா அது?"

"என் தலையெழுத்து. கார் செல்ஃப் எடுக்க மாட்டேங்கு."

பின்னால் அவருடைய மகன் முத்துக்குமாரின் குரல் கேட்டது. காரை வாங்குகிற ஆள் அச்சன்புதூரிலிருந்து கிளம்பிவிட்டாராம். நான் அடுப்பை அணைத்தேன். தோசை என்ன ஆச்சு என்று என் வீட்டுக்காரர் கூடத்திலிருந்து கேட்டார். மாவு இருக்கிறது, கல் இருக்கிறது, கை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் இந்தத் தொடரில் எட்டுப் போடுகிற மைதானத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "நீங்கள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவரா, ரிப்பேர் பார்ப்பவரா?" என்று கேட்டிருந்தார். கற்றுக்கொடுப்பவள்தான். ஆனால் இத்தனை வருடம் இடப்பக்கம் உட்கார்ந்து, இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு போகிறவளுக்கு வண்டி என்ன சொல்கிறது என்று ஓரளவு புரிந்துவிடும். பக்கத்தில் இருக்கிற மனிதர் என்ன சொல்கிறார் என்பதுதான் சில நேரம் புரியாது.

வலப்பக்கத்து ஆசை

மொழியக்காவின் முழுப்பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயர். பெயரைச் சுருக்குவதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஈவிரக்கம் கிடையாது. அம்மனானாலும் சரி, மொழிதான்.

அவருடைய வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் சார், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருடம் மாசியில் காலமானார். கார் கொட்டகையில் நின்றுபோனது.

ஆனி மாதம். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்து, ரோட்டில் எங்கே பார்த்தாலும் ஈரத் துண்டு போட்ட கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பஸ்ஸில் இடிபட்டு என் டிரைவிங் பள்ளிக்கு வந்தார் மொழியக்கா. ஓட்டப் படிக்கணும், மகனுக்குத் தெரியக்கூடாது என்றார். ஏன் என்று கேட்டேன். தெரிந்தால் பயப்படுவான், பயந்தால் வேண்டாம் என்பான் என்றார். நியாயமாகத்தான் இருந்தது.

"கலியாணம் ஆன நாள்லேர்ந்து இடப்பக்கம் இருந்தே எல்லா ஊரையும் பாத்தாச்சு ரூபி. ஒருதரமாவது வலப்பக்கம் இருந்து பாக்கணும்."

இது அவர் வாய்விட்டுச் சொன்ன காரணம். இன்னொன்றை நானே போகப்போகத் தெரிந்துகொண்டேன். அவருடைய அக்கா கீழப்பாவூரில் படுத்த படுக்கையாக இருந்தார். போக வேண்டுமென்றால் தென்காசிக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து இன்னொரு பஸ், அப்புறம் நடை. இல்லாவிட்டால் கார் வைத்திருக்கிற யாரிடமாவது கேட்க வேண்டும். மொழியக்காவால் எதையும் செய்ய முடியும், கேட்க மட்டும் முடியாது. சார் இருந்தவரை அவர் கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை.

மாணவியாக அவர் நடுத்தரம். தையல் மிஷின் மிதித்த கால் என்பதால் கிளட்ச் அழகாக வந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்க மட்டும் மறந்துகொண்டே இருந்தார். இலஞ்சி ரோட்டில் எருமைக்கு வண்டியை நிறுத்தி, "போம்மா, நீ போ, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி அனுப்பிவைப்பார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அவனையும் போகச் சொல்வார்.

லைசென்ஸ் வந்த அன்றைக்குப் பிள்ளையாருக்கு உடைத்த தேங்காயில் ஒரு மூடியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "சட்னிக்கு ஆகும்லா" என்றார். ஆனது.

மகனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. முத்துக்குமார் பெங்களூரில் வேலை பார்க்கிறவன். நல்ல பையன், தினமும் அம்மாவிடம் பேசுகிறவன். அந்த வருடம் அவர்களுக்குத் தீபாவளி இல்லை என்றாலும் அம்மா தனியாக இருக்கக் கூடாதென்று லீவு போட்டு வந்திருந்தான். வந்த கையோடு காருக்கு ஆளும் பார்த்துவிட்டான். நிற்கிற வண்டி துருப்பிடிக்கும், அம்மாவுக்கு அது எதற்கு என்பது அவன் கணக்கு. குற்றாலத்துச் சாரலில் எதுவும் துருப்பிடிக்கும் என்பதும் உண்மைதான்.

அந்தக் காலைக்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் மொழியக்கா லைசென்ஸை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவன் முதலில் சிரித்தானாம். அப்புறம் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு பந்தயம் மாதிரி முடிந்தது. மறுநாள் காலையில் அம்மா வீட்டிலிருந்து ஐந்தருவி வரைக்கும் காரை ஓட்டிக்காட்ட வேண்டும். ஓட்டிவிட்டால் வாங்க வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவான். ஓட்டாவிட்டால் காரைப் பற்றி இனிமேல் பேச்சே இருக்கக் கூடாது. இருவரும் சம்மதித்துத்தான் படுத்தார்கள்.

விடிந்ததும் டிக்.

சாருக்கு இருந்த ஒரே பூஜை

தென்காசியிலிருந்து மேலகரம் ஒன்றும் தூரமில்லை. போகிற வழியில் அந்தக் காரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன். சார் கைபட்ட கார். அதற்கு ஒரு குறை இருக்கும் என்று நினைக்கவே முடியாது.

சங்கரபாண்டியன் சார் சாமி கும்பிடாதவர். அதைப் பற்றி யாரிடமும் சண்டை போடவும் மாட்டார். மனைவியைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார், உள்ளே மட்டும் வர மாட்டார். அக்கா திரும்பி வருகிற வரையில் வெளியே நின்று கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். திருநீறு கொடுத்தால் மறுக்காமல் வாங்கி, காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். சட்டையைத் துவைக்கும்போது அது மொழியக்காவின் கைக்கே திரும்பி வரும்.

ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் ஆள் மாறிவிடுவார் என்று மொழியக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் மூன்றாவது கியர் போடும்போது சொல்வார்.

காலையில் காரைக் கழுவி நிறுத்துவார்கள். அக்கா சந்தனம் குழைத்து ஒரு வெண்கலக் கிண்ணத்தில் கொண்டுவருவார். சக்கரம், பம்பர், ஸ்டியரிங் எல்லாம் அக்காவின் பொறுப்பு. பானெட்டுக்கு உள்ளே சார்தான். பேட்டரி இருக்கிறது, கிட்ட வந்தால் ஷாக் அடிக்கும் என்று மனைவியை வாசல்படியிலேயே நிறுத்திவிடுவார். கார் பேட்டரி அப்படி யாரையும் தூக்கி அடிக்காது. அறிவியல் வாத்தியாருக்கு அது தெரியாமலா இருக்கும்?

அக்கா படியில் நின்று பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். கழற்றும்போது முதலில் கறுப்பு, மாட்டும்போது முதலில் சிவப்பு என்று சார் பாடம் நடத்துகிற மாதிரி சத்தமாகச் சொல்லிக்கொண்டே பேட்டரியின் கிளாம்புகளைக் கழற்றுவார். அப்புறம் அக்கா சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் நீட்டுவார். சார் வாங்கிக்கொண்டு குனிவார். மஞ்சளாக விரல் நுனி பேட்டரிக்குப் போவது படியிலிருந்து தெரியும். கிண்ணம் திரும்பி வரும்போது சந்தனம் குறைந்திருக்கும்.

"அந்த ஒரு நாளு அவுகளும் கும்பிடுவாக ரூபி. நான் கண்ணால பாத்திருக்கேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். கிளட்சை விடவும் மறந்துவிடுவார்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. ஆனால் என் பள்ளியின் கார்களுக்கு உண்டு. படிக்க வருகிறவர்கள் விடுவதில்லை. பொட்டு வைக்காத காரில் எட்டுப் போட்டால் ஃபெயில் ஆகிவிடுவோமென்று அவர்களுக்குப் பயம். முதல் வருடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த வருடம் மூன்று பேர் ஃபெயில். அடுத்த வருடத்திலிருந்து எலுமிச்சம்பழத்தை நானே வாங்கிக்கொடுத்துவிடுகிறேன்.

காதில் வைத்தியம்

நான் போய்ச் சேர்ந்தபோது முத்துக்குமார் பானெட்டைத் திறந்து, கைபேசியை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். மொழியக்கா வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டிக்.

அந்தப் பக்கம் செங்கோட்டை மெக்கானிக். ஒலிபெருக்கியில் மலையாளம் கலந்த அவர் குரல் வந்தது. "மோட்டார் போயி சாரே. அதைக் கழட்டணும். பையன்மார் எல்லாம் தீபாவளி லீவு. அடுத்த வாரம் பாக்காம்."

அவ்வளவுதான், தீர்ப்பு வந்தாயிற்று. முத்துக்குமார் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, "செல்ஃப் மோட்டாராம் ஆன்ட்டி" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஒரு வேலை தானாக முடிந்த நிம்மதி இருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது. இருமல் சத்தத்தை போனில் கேட்டு மருந்து சொல்கிற டாக்டரை யாரும் நம்ப மாட்டார்கள். காருக்கு என்றால் நம்பிவிடுகிறார்கள்.

கார் டிக் என்று சொல்லிவிட்டு நின்றால் மனிதர்கள் செய்கிற காரியங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புவார்கள், பூட்டின வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. சிலர் ஸ்டியரிங்கில் குத்துவார்கள். கணவன் மனைவி என்றால் கடைசியாக யார் ஓட்டியது என்ற விசாரணை ஆரம்பிக்கும். டிக்கை யாரும் கேட்பதில்லை.

டிக்கிலும் தினுசு உண்டு. பேட்டரியில் சார்ஜ் இல்லையென்றால் பல்லி கத்துகிற மாதிரி டிக்டிக்டிக் என்று விடாமல் அடிக்கும். ஒரே ஒரு டிக் என்றால் மோட்டார் போயிருக்கலாம், அல்லது மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேராமல் இருக்கலாம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நான் வேலையை ஆரம்பிப்பதற்குள் அச்சன்புதூர்க்காரர் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாக. வெள்ளைச் சட்டை, கையில் குடை, வயல்காட்டு வேலை தெரிகிற பாதம். மரியாதையான மனிதர். கொட்டகை ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரு டிக் அவர் காதிலும் விழுந்தது.

"செல்ஃப் எடுக்கலியோ? பரவால்ல தம்பி. டிராக்டர வச்சு இழுத்துட்டுப் போயிக்கிடுதேன். பேசிக் கொஞ்சம் கூடக்கொறைய பாத்துக்கிடலாம்."

மொழியக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலு மாதம் வெயிலிலும் சாரலிலும் என்னிடம் திட்டு வாங்கினவர்.

அச்சன்புதூர்க்காரர் நல்ல மனதோடு இன்னொரு யோசனையும் சொன்னார். எல்லோருமாகத் தள்ளினால் வண்டி கிளம்பிவிடும், ஆச்சி ஓட்டிக் காட்டிவிடலாமே என்றார். முத்துக்குமாரும் சரி என்றான்.

"தள்ளிவிட்டு ஓட்டுனா அது நான் ஓட்டுனதா, நீங்க ஓட்டுனதா?" என்றார் மொழியக்கா. "ஐந்தருவியில போயி நின்னுட்டா அங்கன யாரு தள்ளுவா?"

அது சரியான கேள்வி. நான் குடையை மடக்கி வைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போனேன்.

சுவரில் விழுந்த வெளிச்சம்

மழை மூட்டத்தில் கொட்டகை இருட்டாகத்தான் இருந்தது. முன் விளக்கைப் போடச் சொன்னேன். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் பளிச்சென்று விழுந்தது. மங்கல் இல்லை. ஆகவே பேட்டரியில் உயிர் இருக்கிறது.

இப்போது விளக்கை அணைக்காமல் சாவியைத் திருப்புங்கள் என்றேன். டிக். சுவரில் இருந்த வட்டங்கள் இரண்டும் செத்துப்போயின. சாவியை விட்டதும் மெதுவாகத் திரும்பி வந்தன.

மெக்கானிக் சொன்ன மாதிரி மோட்டார் போயிருந்தால் விளக்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது பாட்டுக்கு எரியும். இங்கே மோட்டார் கரண்டைக் கேட்கிறது, கேட்டதும் விளக்குக்குக்கூட இல்லாமல் போய்விடுகிறது. பேட்டரியில் நிறைய இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைத்திருக்கிறது. அடைத்துப்போன குழாயில் சொட்டுச் சொட்டாக ஒரு டம்ளர் பிடிக்கலாம், குளிக்க முடியாது. விளக்குக்கு டம்ளர் போதும். மோட்டாருக்குக் குளிக்க வேண்டும்.

எங்கே அடைப்பு? அதற்கு ஒரு முரட்டு வழி உண்டு. விட்டு விட்டு நாலைந்து தடவை சாவியைத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் கரண்ட் போக முடியாமல் திணறுகிறதோ அந்த இடம் சூடாகிவிடும்.

திருப்பினார். டிக், டிக், டிக். சாவியை எடுக்கச் சொல்லிவிட்டு பேட்டரியின் மேல் குனிந்தேன். சிவப்புப் பக்கத்துக் கிளாம்பில் விரலை வைத்தேன். தோசைக் கல்லின் ஓரம் மாதிரி சுட்டது.

விரலை எடுக்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மழை வாசனை, பழைய ஆயில் வாசனை, ரப்பர் வாசனை எல்லாவற்றுக்கும் மேலே கமகமவென்று ஒரு மணம். கோயில் வாசலில் வருகிற மணம்.

"யக்கா, ஆயுத பூசைக்கு இதுக்குள்ள என்ன செஞ்சீங்க?"

மொழியக்கா காரிலிருந்து இறங்கி வந்தார். குரலில் தயக்கமே இல்லை. அவுக செய்யுததைத்தான் செஞ்சேன் என்றார். வீட்டுக்குத்தான் இந்த வருடம் பண்டிகை இல்லை, வண்டிக்கு உண்டு என்று முடிவு செய்திருக்கிறார். இதெல்லாம் நீங்கள் செய்யலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, பேட்டரிக்கு அதெல்லாம் தெரியுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். சாரின் ஸ்பேனரை எடுத்து, முதலில் கறுப்பு, அப்புறம் சிவப்பு என்று முறையாகக் கழற்றி, பேட்டரியின் இரண்டு ஈய முனைகளுக்கும் சுற்றிச் சுற்றிச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முறுக்கியிருக்கிறார்.

ஈரமாக இருந்தவரை கரண்ட் எப்படியோ புகுந்து போயிருக்கிறது. பேட்டரி இறங்காமலிருக்க அக்கா அவ்வப்போது சாவியைத் திருப்பும்போது கார் கிளம்பியிருக்கிறது. அப்புறம் அடைமழை, ஒரு வாரம் போல யாரும் எடுக்கவில்லை. சந்தனம் காய்ந்து, ஈயத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஓடு மாதிரி இறுகிவிட்டது. இதை நான் சொல்லி முடித்ததும் முத்துக்குமார் அம்மாவைப் பார்த்தான்.

"எம்மா, அப்பா அதுல சந்தனம் வைக்க மாட்டாரே."

"நான் பாத்திருக்கேம்ல."

அவன் டிக்கியைத் திறந்து அப்பாவின் டூல்ஸ் பையை எடுத்துவந்தான். அதற்குள் துணியில் சுற்றிய ஒரு பழைய தைல டப்பா. மூடியைத் திறந்து அம்மாவிடம் நீட்டினான். உள்ளே இளமஞ்சளாக, சந்தனம் மாதிரியே, கிரீஸ். துருப்பிடிக்காமல் இருக்கப் பேட்டரி முனையில் தடவுவது.

மொழியக்கா விரலால் தொட்டு எடுத்தார். முகர்ந்து பார்த்தார். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார்.

"மணமே இல்ல" என்றார். டப்பாவுக்குள் இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "அப்போ அவுக ஒருநாளும் கும்பிடலியா?" என்றார்.

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அச்சன்புதூர்க்காரர் தனக்குக் கொடுத்திருந்த டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கோளாறைக் கண்டுபிடித்தது நான்தான். ஆனால் அந்த நிமிடத்தில், மெக்கானிக் சொன்ன மாதிரி செல்ஃப் மோட்டாராகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. மோட்டாரை மாற்றிவிடலாம்.

"கிண்ணத்துல கொறையுமே ரூபி. ஒவ்வொரு வருசமும் கொறையும். அந்தச் சந்தனம் எங்கன போச்சு?"

முதலில் இதைச் சுத்தம் செய்வோம் என்றேன்.

விளக்கைப் பிடி

சுத்தம் செய்யப் போன மகனை அவர் விடவில்லை. "தா" என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். முதலில் கறுப்பு. அப்புறம் சிவப்பு. வெந்நீர் வந்தது, பழைய பல் தேய்க்கிற பிரஷ் வந்தது, உப்புத்தாள் வந்தது. கிளாம்புக்கு உள்ளே சந்தனமும் குங்குமமும் பச்சையாகப் பூத்த களிம்பும் சேர்ந்து ஒரு வளையமாக இறுகியிருந்தது. சுரண்டச் சுரண்ட மணம் கொட்டகை முழுக்கப் பரவியது. அடியில் ஈயம் வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் தேய்த்தார்.

வடிந்த அழுக்குத் தண்ணீரைத் துடைக்க ஈரத் துணியைப் பேட்டரிக்குப் பின்பக்கம் விட்டார். மட்கார்டை ஒட்டி உள்ளே மடிகிற தகரம் அது. நன்றாகக் குனிந்து கையை விட்டால்தான் எட்டும். துணி எதிலோ தட்டியது. கையை வெளியே எடுத்து விரலைப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

"ரூபி, அந்த லைட்ட அடி."

கைபேசி விளக்கை அடித்தேன். வயர் எதுவும் போகாத ஒரு மூலை. அங்கே தகரத்தில் ஒரு கட்டியாக ஒட்டியிருந்தது. சந்தனத்தின் மேல் சந்தனம், அதன் மேல் சந்தனம். அடியில் இருந்தது ஆயிலும் தூசியும் ஏறிக் கறுத்திருந்தது. மேலே வர வர மஞ்சள். உச்சியில், கறுத்துப்போன ஒரு குங்குமப் பொட்டு. போன வருடத்தது.

முத்துக்குமாரும் குனிந்து பார்த்தான். ஒரே இடத்தில், தப்பாமல், வருடா வருடம் வைத்தால்தான் அந்தத் தடிப்பு வரும். நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இடம். படியிலிருந்து பார்க்கவே முடியாது.

கிண்ணத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக வைத்தாரா, மனைவிக்காக வைத்தாரா, தனக்காகவே வைத்தாரா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. கிண்ணத்தைக் குறைக்க விரலை ஒரு துணியில் துடைத்தால் போதும், பொட்டு எதற்கு என்று அன்றைக்குத் திரும்பி வரும்போது யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. காருக்குத்தான் என்னால் காரணம் சொல்ல முடியும்.

மொழியக்கா அந்தப் பொட்டை விரல் நுனியால் தொட்டார்.

"ஷாக் அடிக்கும்னு சொன்னாகளே என்ட்ட" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் நிறைந்திருந்தது, அதை மறைக்கவும் இல்லை. அந்த மூலையை மட்டும் துடைக்காமல் விட்டார். தைல டப்பாவிலிருந்து கிரீஸை எடுத்தார். மாட்டும்போது முதலில் சிவப்பு என்று முணுமுணுத்தபடி கிளாம்பை மாட்டி முறுக்கினார், அப்புறம் கறுப்பு. இரண்டு முனையிலும் மேலாக கிரீஸைத் தடவினார். விரலில் மிச்சமிருந்ததைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

சாவியைத் திருப்பினார். டிக் இல்லை. முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

முத்துக்குமார் பானெட்டை மூடினான். பிறகு சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். நான் ஹேண்ட் பிரேக் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் அதை இறக்கிவிட்டார். ரிவர்ஸ் இரண்டாவது முயற்சியில் விழுந்தது. கேட்டைத் தாண்டி, குறுக்கே வந்த ஓர் ஆட்டை முதலில் போகச் சொல்லிவிட்டு, குற்றாலம் ரோட்டில் திரும்பினார். சாரல் நின்றிருந்தது. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டே போனது.

கேட்டருகே நானும் அச்சன்புதூர்க்காரரும்தான் மிச்சம். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கார் போன திசையையே பார்த்தார்.

"வண்டி நல்ல கண்டிசனாத்தான் இருக்கு" என்றார்.

"ஆமா."

"அப்ப விக்க மாட்டாகளோ?"

"மாட்டாக அண்ணாச்சி. அத ஓட்டுததுக்கு ஆள் இருக்கு."